சும்மா இருக்கும்போது நின்றுபோகிற கம்ப்யூட்டர்

"மூணு மணி நேரம் அங்க என்னதான் பண்ணிட்டிருந்தே?" என்று டிரைவிங் மாஸ்டர் கேட்டார்.

"சும்மா உக்காந்திருந்தோம்," என்றாள் அவர் மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"தோம்னா?"

"நானும் கஸ்டமரும்."

மாஸ்டர் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு கொஞ்சம் சத்தமாகவே உட்கார்ந்தது.

ஊரில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். மனைவி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். ஒரு ஷட்டர் அகலம்தான் கடை. ஆனால் அந்த வட்டாரத்தில் எந்த மெஷின் மூச்சு விடாமல் போனாலும் அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படித்தாள். இவர்கள் இருவரும் காலையில் ஆளுக்கொரு திசையில் ஓடி, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுப்பார்கள். சண்டை சச்சரவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. அதற்கெல்லாம் நேரம் வேண்டுமே.

சாப்பிடும்போது அவளே விவரம் சொன்னாள். கஸ்டமர் ஒரு மொழிபெயர்ப்பாளர். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அது திடீர் திடீரென்று உறைந்து நின்றுவிடும். ரெண்டு தடவை கடைக்குக் கொண்டுவந்தார். கடையில் ராத்திரி பகலாகச் சோதனை ஓட்டியும் அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற நோயாளி மாதிரி. வீட்டுக்கு எடுத்துப் போனால் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி.

"ஏன்னு கேளுங்க," என்றாள். "கடையில நான் அதுக்கு எப்பவும் ஏதாவது வேலை கொடுத்துக்கிட்டே இருந்தேன். வேலை இருக்கிற வரைக்கும் அது நல்லாத்தான் இருக்கு. சும்மா இருந்தாத்தான் நிக்குது. அந்த மனுஷன் ஒரு வார்த்தைக்காக அரை மணி நேரம் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருப்பாராம். திரும்பிப் பாத்தா கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கும்."

"அதுக்கு?"

"அதுக்கு, அது எப்ப நிக்குதுன்னு பாக்கணும்னா நாமளும் சும்மா உக்காந்துதான் பாக்கணும். மவுஸைத் தொட்டா முழிச்சுக்கும்."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பொய் ஏதாவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஒரு ஆணும் பெண்ணும் ஓர் அறையில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவளை என்ன செய்வது?

அவள் மறுவாரமும் போனாள். அதற்கு அடுத்த வாரமும் போனாள்.

போய்விட்டு வருகிற நாட்களில் அவள் நடையே வேறாக இருப்பதை மாஸ்டர் கவனித்தார். மற்ற நாட்களில் வாசலிலேயே பையை எறிந்துவிட்டு நேராக அடுப்படிக்கு ஓடுவாள். இந்த நாட்களில் நின்று, நிதானமாக, முகம் கழுவி, துண்டால் ஒற்றிக்கொண்டு வருவாள். துணி மடிக்கும்போது தனக்குள் சிரித்துக்கொள்வாள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, மொழிபெயர்ப்பாளர் சொன்ன ஒரு விஷயம்," என்பாள். அந்த விஷயத்தைச் சொன்னால் மாஸ்டருக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் அவள் பெருமையாக ஒரு சேதி சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் ஏதோ மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற காகிதத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாராம். இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் தூக்கம் தூக்கமாக வரும் என்று போடவேண்டும். மயக்கம் என்று போட்டால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள், அசதி என்று போட்டால் அர்த்தம் மாறிவிடும். ரெண்டு நாளாகத் தவித்தாராம். "நான் சொன்னேன், கண் சொக்கும்னு போடுங்களேன்னு. துள்ளிக் குதிச்சிட்டார். என் வார்த்தை மருந்துச் சீட்டுல வரப் போகுது!"

மாஸ்டர் "ஓகோ" என்றார். தன்னிடம் அவள் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையைக் கொடுத்ததில்லையே என்று தோன்றியது. இனிமேல் யார் வீட்டிலோ, யாரோ முன்பின் தெரியாதவர்கள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தன் மனைவியின் வார்த்தையைப் படிப்பார்கள். அதுவும் அந்த ஜன்னல் பார்க்கிற ஆள் மூலமாகப் போகிறது.

அன்று படுக்கையில் அவர் இருட்டைப் பார்த்தபடி மெல்லப் பேச்சுக் கொடுத்தார். "ஏம்மா, அந்த ஆளுக்கு வீட்ல யாரும் இல்லையா?" பதில் இல்லை. அவள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். "தூங்கிட்டியா?" அதற்கும் பதில் இல்லை. ஆனால் அவள் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. மாஸ்டர் விடியும் வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

மறுநாள் காலையில் அவர் வகுப்பெடுத்தது ஒரு தையல்காரம்மாவுக்கு. ரெண்டு தடவை லைசென்ஸ் டெஸ்டில் தோற்றவர். தையல் மெஷின் பழக்கத்தில் கிளட்சை மிதித்து மிதித்து விடுவார். சிக்னலில் வண்டி குலுங்கி அடங்கிப்போனபோது மாஸ்டர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல் பேசாமல் இருந்தார்.

"என்ன மாஸ்டர், இன்னிக்குத் திட்டக் காணோம்?"

பல நாளாக அடக்கி வைத்திருந்தது மடை திறந்த மாதிரி வெளியே வந்துவிட்டது. பெயர் சொல்லாமல், யாரோ சிநேகிதனுக்கு நடந்ததாக மாஸ்டர் சொல்லி முடித்தார். தையல்காரம்மா வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களைச் சட்டை செய்யாமல் முழுதும் கேட்டார்.

"உங்க சிநேகிதருக்கு என்ன வேலை?"

"டிரைவிங்... டிரைவர் வேலை."

"தினம் எத்தனை பொம்பளைங்களைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் போறார்? அந்தம்மா ஒரு நாளாவது கேட்டிருக்காங்களா?"

"அது வேலைம்மா."

"இதுவும் வேலைதானே?"

"அந்த வேலையே சும்மா உக்காந்திருக்கிறதுதாங்கறேன்!" என்று மாஸ்டர் கத்திவிட்டார். தையல்காரம்மா பயந்துபோய் ஆக்சிலரேட்டரை மிதித்தார். மாஸ்டர் தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்காவிட்டால் முன்னால் நின்ற வேனுக்குள் போயிருப்பார்கள்.

ஆனால் அந்தச் சிக்னலில்தான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. நிறுத்தினால் இஞ்சின் அடங்கிப்போகிற வண்டிக்கு என்ன செய்வோம்? ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைப்போம். சும்மா நிற்கும்போதும் கொஞ்சம் உறுமிக்கொண்டே நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் மனைவி கடையை மூடி வருகிறவரை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"அந்தக் கம்ப்யூட்டருக்கு மருந்து கண்டுபுடிச்சிட்டேன். சும்மா இருக்கும்போது ரொம்ப அடங்கிப் போயிடுது, அதானே? அடங்காம பண்ணிடு. ஐட்லிங்கை ஏத்தி விடு. முடிஞ்சது."

அவள் ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தாள். "கரெக்டாச் சொல்லிட்டீங்களே! அதேதான். புராசசர் வேலை இல்லாதப்ப தூங்கும். அதுல படிப்படியா இருக்கு. முதல் படி சும்மா கண்ணை மூடிக்கிற மாதிரி, கூப்பிட்டா உடனே எழுந்துடும். கீழே போகப் போக ஒவ்வொரு விளக்கா அணைச்சுட்டே போகும். கடைசிப் படியில வீடே இருட்டு. அந்தக் கடைசிப் படிக்குப் போனா நம்ம மெஷின் திரும்பி வர மாட்டேங்குது. லினக்ஸ்ல ஒவ்வொரு படியையும் தனித்தனியா அடைச்சு வைக்கலாம். முதல் நாளே நான் எல்லாத்தையும் அடைச்சுப் பாத்துட்டேன். நிக்கவே இல்லை."

"முதல் நாளேவா?"

"ஆமா."

மாஸ்டரின் முகம் மாறியது. "அப்ப அன்னிக்கே சரியாயிடுச்சு."

"தூங்கவே விடாம வச்சிருக்கிறது ரிப்பேரா? சூடு ஏறுது, ஃபேன் ஓயாம இரையுது. அந்த ரூம்ல ஊசி விழுந்தா கேக்கும், அவருக்கு அப்படி இருந்தாத்தான் வேலை ஓடும். எந்தப் படி, எதனாலன்னு கண்டுபுடிக்கணுமில்ல? ஒவ்வொண்ணா அடைச்சு, ஒவ்வொண்ணா திறந்து, ஒவ்வொரு தடவையும் உக்காந்து பாத்தேன். கடைசிப் படிதான்னு தெரிஞ்சுது. போர்டுக்குள்ள இருக்கிற புரோகிராமைப் புதுசாக்கினேன், கேக்கலை. புது லினக்ஸ் போட்டேன், கேக்கலை. இப்ப எனக்குப் பவர் சப்ளை மேலதான் சந்தேகம். பழசு அது. மெஷின் ரொம்பக் கொஞ்சமா கரண்ட் இழுத்தா அதால தாக்குப் பிடிக்க முடியலை. புதுசு ஒண்ணு ஆர்டர் பண்ணியிருக்கேன்."

"இதையெல்லாம் கடையில வச்சுப் பண்ண முடியாதா?"

அவள் சற்று யோசித்தாள். அவள் யோசித்ததுதான் மாஸ்டரைக் குத்தியது.

"பண்ணலாம்," என்றாள். "ஆனா கடையில என்னால சும்மா உக்கார முடியாது. ஆள் மாத்தி ஆள் வந்துட்டே இருக்கும். இங்கயும் முடியாது. அங்க மட்டும்தான் கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியுது. எனக்கு அது வேண்டியிருந்துச்சு."

ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறாள் என்று சந்தோஷப்படுவதா, இவ்வளவு ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறாளே என்று அழுவதா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்தார். அவள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புது பவர் சப்ளை சில நாளில் வந்தது. கடை பூட்டியிருந்ததால் கொண்டுவந்தவன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். மாஸ்டர் அப்போதுதான் மதிய வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மனைவி எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். போனைப் போட்டார்.

"உன் டப்பா வந்திருக்கு."

"அப்படியா? அங்கேயே இருக்கட்டும். நாளைக்கு எடுத்துக்கறேன்."

"நாளைக்கு எதுக்கு? நீ அங்கதானே இருக்கே. நான் கொண்டாந்து தரேன். வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும்."

அவள் விலாசம் சொன்னாள்.

மதிய வகுப்புக்காரனிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, தலையில் போர்டும் பின்னால் பெரிய சிவப்பு எழுத்தும் உள்ள காரை மாஸ்டர் அந்தக் கட்டடத்துக்கு நேர் எதிரே நிறுத்தினார். வேவு பார்க்கப் போகிறவன் எவனும் இவ்வளவு விளம்பரத்தோடு போகமாட்டான். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கதவு திறந்தேதான் இருந்தது. அதுவும் அவருக்கு உறுத்தியது. பூட்டியிருந்தாலும் உறுத்தியிருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் எழுந்து வந்து வரவேற்றார். ஒல்லியான ஆள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார், சட்டையின் முழங்கை நைந்திருந்தது. அழகன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாஸ்டருக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. அழகனாக இருந்திருந்தால் காரணமாவது புரிந்திருக்கும்.

"வாங்க சார், வாங்க. உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க," என்றார். குரல் தணிந்து, இதமாக இருந்தது.

அறையில் சுவரோடு சுவராகப் புத்தகங்கள். ஜன்னலருகே மேஜை, அதன்மேல் பக்கத் தகடு கழற்றிய கம்ப்யூட்டர். மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். அந்த இரண்டு நாற்காலிகளும் தோளோடு தோள் இடிக்கிற மாதிரி நெருங்கிக் கிடந்தன. அறையில் இடம் இல்லாமல் இல்லை. இன்னும் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். அவர் மனைவி இடப்பக்க நாற்காலியில், கால் இரண்டையும் குறுக்குச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து மாஸ்டர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"வந்துட்டீங்களா? கொடுங்க," என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

அவள் பழைய பவர் சப்ளையைக் கழற்ற, மொழிபெயர்ப்பாளர் திருகாணிகளை ஒரு ஜாடி மூடியில் வாங்கி வைத்தார். புதியதை மாட்டும்போது எந்தத் திருகாணி எதற்கு என்று அவள் கேட்காமலே எடுத்து நீட்டினார். கைக்குக் கை. மாஸ்டர் சமையலறையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு ஸ்டூலில், மனைவிக்கு இடப்பக்கமாக, கோயிலுக்கு வந்த வேற்று மதத்துக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. அவள் கறுப்புத் திரையில் ஏதோ தட்டினாள். "எல்லாப் படியையும் திறந்து விட்டுட்டேன். கடைசிப் படி உள்பட." பிறகு ஒரு பெரிய கடிகாரத்தைத் திரை முழுக்க வரவைத்தாள். நொடி எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "இது நின்னா மெஷின் நின்னுடுச்சுன்னு அர்த்தம்."

"இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"சும்மா இருக்கணும்."

மூன்று பேரும் சும்மா இருந்தார்கள். மாஸ்டர் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சும்மா இருந்ததில்லை. கால் தானாக ஆடியது. ஆட்டிய கால் மேஜையில் இடித்தது, மவுஸ் அசைந்தது.

"ஐயோ! முதல்லேர்ந்து," என்றாள் மனைவி.

மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். "முதல் நாள் நானும் இப்படித்தான் சார் ரெண்டு தடவை இடிச்சேன்." அந்த முதல் நாளை மாஸ்டர் கண்முன் கொண்டுவந்து பார்த்தார்.

நொடிகள் ஓடின. நிற்கக் கூடாது, நிற்கவே கூடாது என்று மாஸ்டர் வேண்டிக்கொண்டார். நின்றால் அவள் மறுபடி வரவேண்டியிருக்கும். அடுத்தவன் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கவேண்டும் என்று இப்படி மனமுருகி வேண்டிக்கொண்டவர் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை. அவர் மனைவியும் மொழிபெயர்ப்பாளரும் நடுநடுவே ஓரிரு வார்த்தை பேசினார்கள். மொழிபெயர்ப்பாளர் மெதுவாக ஏதோ சொல்வார், அவள் தலையை அவர் பக்கம் சாய்ப்பாள், சிரிப்பாள்.

மாஸ்டர் பொறுக்கமாட்டாமல் தானும் குனிந்து, அவள் காதோரம், "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். எவ்வளவு நேரம்?"

அவள் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. வேறொருவன் முன்னால் இப்படி அலட்சியப்படுத்துகிறாளே! எழுந்து போய்விடலாம் என்று ஸ்டூலை நகர்த்தினார்.

"சார்," என்று மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். "நீங்க இந்த நாற்காலிக்கு வந்துடுங்க. அந்தப் பக்கக் காது அவங்களுக்குக் கேக்காதில்ல? அதனாலதான் நான் இந்தப் பக்கம் ஒட்டிப் போட்டு உக்காந்துக்கறது. சத்தம் போட்டுப் பேச எனக்கு வராது."

மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். மனைவி இப்போது திரும்பிப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஆமாமா," என்றார் மாஸ்டர். "மறந்தே போயிட்டேன் பாருங்க."

அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் குரல் உடையாமல் இருந்தது அவருக்கே ஆச்சரியம். அடுத்தவன் எழுந்து விட்டுக் கொடுத்த நாற்காலியில், அந்தச் சூடு ஆறாமல், தன் பெண்டாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அவருக்குப் பிடிபட்டிருக்கவேண்டும். காபி போட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா."

"எனக்குத் தெரியாது. அந்த ஆளுக்குத் தெரியும்."

"நானா போய்ச் சொல்லலை. இந்த மெஷின் தூங்கப் போறப்ப மெலிசா ஒரு கீச்சுச் சத்தம் வரும், கேக்குதான்னு கேட்டார். கேக்கலைன்னேன். இந்தப் பக்கம் திரும்பிக் கேளுங்கன்னார். கேட்டுச்சு. அப்புறம் மறைக்க என்ன இருக்கு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"சொல்லலாம்னு ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சேன். ஒரு தடவை உங்களுக்குப் போன் வந்துச்சு. ஒரு தடவை நீங்க, சளியா இருக்கும், ஆவி புடின்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டீங்க." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "அப்புறம் சொல்லலை."

ஆவி பிடிக்கச் சொன்னது மாஸ்டருக்கு நினைவுக்கு வந்தது. படுக்கையில் பதில் வராத ராத்திரிகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நல்ல காது தலையணையில் புதைந்திருக்க, அவர் பேசியதெல்லாம் கேட்காத காதோடு பேசிய பேச்சு. பரிதாபப்பட வேண்டிய நேரம்தான் அது. ஆனால் அவருக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை, பொறாமைதான். முன்னைவிடப் பத்து மடங்கு. அவள் கையைப் பிடித்தான் என்று கேள்விப்பட்டிருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. அவள் உடம்பில் எந்தக் காது கேட்கிறது என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்காலியை எந்தப் பக்கம் போடவேண்டும் என்பது தெரிந்திருக்கிறது.

காபி வந்தது, குடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்தது. திரையில் நொடிகள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில் மனைவி ஏதோ ஒரு கணக்கைத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். "கடைசிப் படிக்கு எத்தனையோ ஆயிரம் தடவை போயிட்டுத் திரும்பி வந்திருக்கு. ஒரு தடவைகூடச் சிக்கலை. பவர் சப்ளைதான்."

"சரியாயிடுச்சா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"சரியாயிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம்," என்றார். கெட்டுப்போன பொருள் சரியான சந்தோஷம் அந்த முகத்தில் இல்லை. ரயில் ஏறிப்போனவர்களை வழியனுப்பிவிட்டு நிற்கிறவர் மாதிரி இருந்தார். மாஸ்டர் அதைப் பார்த்தார். சட்டென்று திரும்பி மனைவியின் முகத்தையும் பார்த்தார். அவள் குனிந்து திருப்புளியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்ததை எடுத்து மறுபடி வைத்தாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு மாஸ்டர் சொன்னார்: "நாளைக்குக் காது டாக்டர்கிட்டப் போறோம். வகுப்பெல்லாம் நிறுத்திட்டேன்."

"நாளைக்குக் கடையில—"

"கடையை மூடு."

காது டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஏகப்பட்ட கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் அவளுடைய வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார், பிறகு அதைப் பையில் போட்டார்.

"அவர்கிட்ட வேற என்னெல்லாம் சொன்னே?"

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கணும்."

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு இருட்டாகக் கிடக்கிற அவள் அறையைத் தாண்டி நடக்கப் பிடிக்காததால்தான் கடையைத் தாமதமாக மூடுவது. கடையில் கூட்டமாகப் பேசினால் எதுவும் புரியாமல் தலையை மட்டும் ஆட்டி, ஒரு தடவை வேறு யாருடைய மெஷினையோ பிரித்துப் போட்டது. "அப்புறம், உங்க காருல உக்காந்தா நானும் உங்க ஸ்டூடன்ட் மாதிரி பயந்துக்கிட்டே வருவேன்னு சொன்னேன்."

"நான் அவ்வளவு மோசமா ஓட்டறேனா?"

"ஓட்டறது நல்லாத்தான் ஓட்டறீங்க. பக்கத்துல இருக்கறவங்களை ஓட்ட விடமாட்டீங்க."

மாஸ்டருக்கு வாய் வரை பதில் வந்தது. விழுங்கிக்கொண்டார். "அவர் இதுக்கெல்லாம் என்ன சொன்னார்?"

"ம்ம்னார்."

"அவ்வளவுதானா?"

"அவர் எதுக்கும் ம்ம்தான்."

டோக்கன் எண்கள் மெதுவாக நகர்ந்தன. மாஸ்டர் கேட்கக்கூடாது என்று இத்தனை நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டார். "அவரை உனக்குப் புடிச்சிருக்கா?"

அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். "புடிச்சிருக்கு. அங்க போய் உக்காரப் புடிச்சிருந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது, எதுவும் நடக்கலை, நடக்கப் போறதும் இல்ல. ஆனா புடிக்கலைன்னு உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டேன்."

"ம்ம்," என்றார் மாஸ்டர். அதைச் சொல்ல அவருக்கு முழு பலமும் தேவைப்பட்டது.

நர்ஸ் கூப்பிட்டாள். கண்ணாடிச் சுவர் வைத்த சின்னக் கூண்டுக்குள் அவளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கிறபோதெல்லாம் அழுத்தவேண்டும். மாஸ்டர் வெளியே நின்று பார்த்தார். வலது காதுக்குச் சத்தம் அனுப்பியபோது அவள் கட்டைவிரல் டக் டக்கென்று அழுந்தியது. பிறகு இடது காது. கருவியில் முள் ஏறிக்கொண்டே போனது. சத்தத்தை ஏற்றி ஏற்றி அனுப்புகிறார்கள் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு, கவனமாக, ஏதாவது வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் அசையவே இல்லை. மாஸ்டரின் கட்டைவிரல்தான் பாக்கெட்டுக்குள் அழுத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவருக்குக் கண் நிறைந்தது. அந்த ஒரு சில நிமிஷம் மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

நரம்பு பலவீனம், போனது போனதுதான் என்றார் டாக்டர். மற்றக் காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இடப்பக்கச் சத்தத்தைப் பிடித்து வலது காதுக்கு அனுப்புகிற ஒரு சின்னக் கருவி எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனவள், பாத்திரம் இவ்வளவு சத்தமா போடும் என்று கேட்டுவிட்டு உடனே கழற்றி வைத்துவிட்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. மாஸ்டர் கட்டிலில் இடம் மாறிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் நிறையப் பேசினார்கள் என்று சொல்லமுடியாது. சில நாள் பேசினார்கள். சில நாள் பழையபடி ஓட்டம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்ததும் மாஸ்டருக்குப் பழைய எரிச்சல் அப்படியே கிளம்பியது. ஒரு குறையும் இல்லாமல், அன்றலர்ந்த பூ மாதிரி புத்தம் புதிதாக இருந்தது. எடுத்தார்.

"சார், நீங்களா? நல்லா இருக்கீங்களா?" அதே தணிந்த குரல். "கம்ப்யூட்டர் பிரமாதமா ஓடுது. அதுக்காகக் கூப்பிடலை. அவங்க காது எப்படி இருக்குன்னு கேக்கலாம்னுதான்... டாக்டரைப் பாத்தீங்களா?"

பார்த்தாயிற்று, எல்லாம் சரி, நன்றி என்று வைத்துவிடலாம். மூன்று வார்த்தையில் முடிந்துவிடும். வாசற்படியில் நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்புகிற மாதிரிதான். மாஸ்டர் வாயைத் திறந்தார். குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள்.

"யாரு?"

"மொழிபெயர்ப்பாளர்," என்றார் மாஸ்டர். "உன் காதைப் பத்திக் கேக்கறார். நீயே சொல்லு."

போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அவள் வலது காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுங்க," என்றாள். அவள் குரலில் அந்த நிதானம் வந்துவிட்டிருந்தது. இன்னும் நாலு வார்த்தை கேட்டால் தன்னால் தாங்கமுடியாது என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. தொட்டியில் நேற்றைய பாத்திரங்கள் கிடந்தன. குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் தகரத்தில் விழுந்து அடுப்படி முழுக்க இரைந்தது. அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. சட்டை நனைய நனைய, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்தார்.

வெகு நேரம் கழித்துப் பின்னால் ஒரு கை நீண்டு குழாயை மூடியது.

"இவ்வளவு தண்ணியை ஏங்க வீணாக்கறீங்க?" என்றாள் அவள்.

அவர் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் துடைக்கத் தொடங்கினாள்.